தொட்டிக்குப் பின்னால் நின்றவர்கள்

காலை ஏழே முக்காலுக்கு எங்கே ஹாரன் சத்தம் கேட்டாலும் என் தலை வலது பக்கம் திரும்பிவிடுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நான் இப்போது உட்கார்ந்து காபி குடிக்கும் இடத்தில் வலது பக்கம் வெறும் சுவர்தான். சுவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் டம்ளரை எடுத்துக்கொள்கிறேன்.

என் பால்வாடியில் வலது பக்கம் ஒரு கதவு இருந்தது. ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தெரு. சர்க்கார் ஏட்டில் அது அங்கன்வாடி மையம். தெருவில் எல்லோருக்கும் பால்வாடி. நான் டீச்சர். சமைக்கவும் பிள்ளைகளைத் தூக்கி இறக்கவும் ஒருவர் இருந்தார், அவரை ஆயாம்மா என்று கூப்பிடுவோம். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை. முன்வாசல் தெருவைப் பார்த்து இருக்கும். வலது பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சந்து. சந்தின் கோடியில் மேடை கட்டி வைத்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அங்கே நிற்பவரைக் கதவிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

எட்டரைக்குத் திறந்தால் போதும் என்பதுதான் விதி. ஆனால் எங்கள் தெருவில் பாதித் தாய்மார்கள் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். கம்பெனி பஸ் ஏழே முக்காலுக்கு முனையில் வந்து இரண்டு ஹாரன் அடிக்கும். மூன்றாவது ஹாரன் கிடையாது. அதனால் நான் ஏழரைக்கே திறந்துவிடுவேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் வீடு அடுத்த தெரு, சாவி என் இடுப்பில். கூட்டங்களுக்குப் போனால் மற்ற டீச்சர்களிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். அம்மாக்காரி குழந்தையோடு முன்வாசல் வழியாக உள்ளே வருவாள். ஆயாம்மா தட்டைத் தட்டிப் பாட ஆரம்பிப்பார். நான் குழந்தையின் முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "அதோ பாரு, காக்கா" என்பேன். குழந்தை காக்காயைத் தேடும் நேரத்தில் அம்மாக்காரி பக்கக் கதவு வழியாக நழுவிவிடுவாள். நேரே தெருவுக்கு ஓடினால் ஜன்னல் வழியாகக் குழந்தை பார்த்துவிடும். அதனால் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். உள்ளே அழுகை அடங்கியதும் நான் கதவோரம் வந்து கை காட்டுவேன். அதன்பிறகு பஸ்ஸுக்கு ஓட்டம். சில நாளில் மூன்று நான்கு பேர் அங்கே ஒட்டி நின்றிருப்பார்கள், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு. எனக்கும் சிரிப்பு வரும். புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பேன்.

அப்படிப் புதிதாக வந்த ஒரு பெண், ஆலங்காயம் பக்கத்து மலையடிவாரத்துக்காரி. கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தவள். புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, அவள் கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்திருந்தாள். பெண் குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை. வாய் ஓயாத குழந்தை. முதல் நாளே ஆயாம்மாவிடம், "உன் மூக்குத்தி எங்க?" என்று கேட்டது.

அவளுக்கு என் வித்தை பிடிக்கவில்லை. குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அம்மா கம்பெனிக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்" என்பாள். குழந்தை வீலென்று அழும். அதைப் பார்த்து மற்றதெல்லாம் அழும். அவள் எழுந்திருக்காமல் மறுபடியும் அதையே சொல்லுவாள். அதற்குள் இரண்டு ஹாரனும் அடித்துவிடும். ஒரே வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸை விட்டாள்.

மூன்றாவது நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் தெருவுக்கே தெரியும். எல்லா அம்மாக்களும் நிற்கும்போதே சொன்னேன்: "இந்தாம்மா, இது இன்னா உங்க வீட்டுக் கூடமா? உன் ஒருத்தி பொண்ணுக்காக இருபது புள்ளைங்களும் அழணுமா? எல்லாரும் செய்ற மாதிரி செய்."

அவள் முகம் சிவந்துவிட்டது. மெதுவாகத்தான் கேட்டாள்: "சொல்லாம போனா தேடாதா டீச்சர்?"

"தேடும். தேடிட்டு மறந்துடும். கொழந்தைக்கு இன்னா ஞாபகம் இருக்கப் போவுது?"

இதைச் சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது. சில நாள் கண்ணாடியில் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவள் தொட்டிக்குப் பின்னால் நின்றாள். குழந்தை காக்காயைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. "அம்மா" என்றது. சத்தமாகக் கூப்பிட்டது. சமையலறையில் போய்ப் பார்த்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்த்தது. நான் கதவருகே நின்று, சந்தைப் பார்த்து, பேசாதே என்று கையைக் காட்டினேன். நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் குழந்தை கூப்பிடவில்லை, அழவும் இல்லை. "பாத்தியா?" என்றேன் ஆயாம்மாவிடம். பதிவேட்டில் 'நன்றாகப் பழகிவிட்டாள்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பேச்சும் நின்றுவிட்டது என்பதை நான் கவனிக்க இரண்டு வாரம் ஆயிற்று. இருபது பிள்ளைகள் கத்துகிற இடத்தில் ஒன்று கத்தாமல் இருந்தால் அது புண்ணியம் என்றுதான் தோன்றும். பிறகு மற்றதும் தெரிந்தது. மத்தியானம் எல்லாம் தூங்கும்போது அவள் பாயில் கண்ணை விழித்துப் படுத்திருப்பாள். கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். நான் படத்தைக் காட்டி, "இது இன்னா, யானை" என்றால் யானையைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். அதைப் பார் என்று நான் சொன்ன போதெல்லாம் அவளுக்கு ஒன்று காணாமல் போயிருந்தது. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது, கொஞ்சம் மந்தமோ என்று நினைத்தேன்.

அம்மாக்காரியிடம் பேச நேரமே இருக்காது. காலையில் ஹாரன், சாயங்காலம் குழந்தையைக் கூட்டிப்போக வருவது பக்கத்து வீட்டுக்காரி. போன் செய்யலாம் என்றால் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒருநாள் பஸ்ஸுக்கு ஓடும்போது அவளே நின்று சொன்னாள்: "வீட்ல பாத்ரூமுக்குக்கூட விடமாட்டேங்குறா டீச்சர். தூங்கசொல்ல என் முந்தானைய கையில சுத்திக்கிறா."

"பழகிடும். போ, பஸ் போய்டும்" என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் குழந்தை காணாமல் போனது.

பத்து மணிக்கு முட்டை கொடுக்கும்போது ஆயாம்மாதான் சொன்னார், "டீச்சரம்மா, ஒரு தலை கொறையுது" என்று. அறையில் இல்லை, சமையலறையில் இல்லை. பக்கக் கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. சந்தை எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தெருவுக்கு ஓடினேன்.

ஒரு பக்கம் நெடுஞ்சாலை, ஒரு பக்கம் ரயில். எந்தப் பக்கம் முதலில் ஓடுவது என்று தெரியாமல் தெரு நடுவில் நின்ற அந்த ஒரு நிமிஷம் இன்னும் எனக்கு முடியவில்லை. பஸ் நிற்கும் முனைக்கு ஓடினேன். டீக்கடைக்காரர் பார்க்கவில்லை என்றார். தெரு ஆட்கள் தண்டவாளத்தின் பக்கம் போனார்கள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டேன். தையல் லைனில் இன்னாரைக் கூப்பிடுங்கள், அவசரம் என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் செக்யூரிட்டி எழுந்தார். மையத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சந்தில் நின்றும் கூப்பிட்டேன். பதில் இல்லை.

அம்மாக்காரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலையிலிருந்த கம்பெனிக் குல்லாயைக் கழற்றக்கூட இல்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே நுழைந்து, பக்கக் கதவைத் தாண்டி, நேரே தொட்டியிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

குழந்தை தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். முதுகைச் சுவரில் ஒட்டி, காலைச் சேர்த்து, பெரியவர்கள் நிற்பது போலவே. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. நான் கூப்பிட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை, ஓடி வரவில்லை. ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்து, பேசாதே என்று காட்டினாள்.

அம்மாக்காரி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரம் நான் இங்க நிக்கசொல்ல பாத்துட்டா டீச்சர்" என்றாள். "கதவு சரியா சாத்தல. வந்து எதிர்ல நின்னா. பஸ்சு ஹாரன் அடிச்சிடுச்சி. நான் இப்படித்தான் வெரல வச்சிக் காட்டினேன். பேசாம உள்ள போய்ட்டா. நல்ல கொழந்தைன்னு நினைச்சிக்கினேன்."

"என் தப்புதாம்மா" என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

"உங்களச் சொல்லி இன்னா பண்றது?" என்றாள். "வெரல வச்சது நான்தான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அதோடு அது தீர்ந்திருக்கும். பழியை அவளே எடுத்துக்கொண்டு போனதால் எனக்கு அது தீரவே இல்லை.

மறுநாள் குழந்தை வரவில்லை. மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது என் போனைத் திறந்தேன். பிள்ளைகள் சாப்பிடுவதைத் தினமும் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படங்கள் எல்லாம் போனிலேயே கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் போனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகின்றன. அவள் முகம் மட்டும் எல்லாப் படத்திலும் பக்கக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான்தான் எடுத்தேன், நான்தான் அனுப்பினேன், அத்தனை நாளும். 'படம் தெளிவாக உள்ளது' என்று மேலே இருந்து பாராட்டுகூட வந்திருந்தது.

ஆயாம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சொல்லாம கிளம்பறது சாவு வீட்லதான் டீச்சரம்மா. நாமதான் அந்த அம்மாங்கள தினம் தினம் அப்படிக் கிளப்பி விட்டோம்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். இருபத்தைந்து வருஷத்தில் எடை பார்க்க, கணக்கெடுக்க என்று எல்லா வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறேன். ஒரு வீட்டிலும் உட்கார்ந்து, உங்கள் பிள்ளையை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டதில்லை. அன்று கேட்டேன். அவள் கம்பெனிப் பசை காய்ந்த விரல்களைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள்.

"நான் சொல்லிட்டுப் போறேன் டீச்சர். அழுவட்டும். அழுதா நீங்க தூக்கிக்கோங்க. காக்கா காட்டாதீங்க. அம்மா போய்ட்டா, சாயங்காலம் வருவான்னு நீங்களும் சொல்லுங்க. அது போதும்."

"பஸ்ஸு?"

"அதான் தெரியல."

பஸ்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் முனைக்குப் போய் டிரைவரிடம் நின்றேன். ஒரு நிமிஷம்கூட நிறுத்த முடியாது, கேட்டில் எனக்கு நேரம் குறிக்கிறார்கள் என்றார். நியாயம்தான். நிறுத்த வேண்டாம், முந்தின நிறுத்தத்தில் கிளம்பும்போதே ஒரு ஹாரன் அடித்துவிட்டு வாருங்கள் என்றேன். அங்கே அடித்தால் எங்கள் தெருவுக்குக் கேட்கும், வந்து சேர ஐந்து நிமிஷம். "இதுக்கா டீச்சர் கண்ணு கலங்கறீங்க, அடிக்கிறேன்" என்றார். கண் கலங்கியது எனக்கே தெரியவில்லை.

கம்பெனி லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா அம்மாக்களையும் வரச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். இனிமேல் யாரும் நழுவ வேண்டாம் என்றேன். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. "எங்க புள்ளைங்க நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, இப்ப நீங்களே மாத்திப் பேசினா பேஜார்தான்" என்றாள் ஒருத்தி. நான் பழக்கிவிட்டது அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகும் சிலர் எனக்குத் தெரியாமல் தொட்டிக்குப் பின்னால் நின்றுவிட்டு ஓடினார்கள்.

குழந்தை திரும்பி வந்தாள். அவள் அம்மா குந்தி உட்கார்ந்து சொன்னாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை, முகத்தையே பார்த்தாள். ஒன்பது நாள் அப்படி. பத்தாம் நாள் அழுதாள். அப்பா, என்ன அழுகை. நான் தூக்கிக்கொண்டு அறை முழுக்க நடந்தேன். என் தோளைக் கடித்தாள். அம்மா போய்ட்டா, சாயங்காலம் வருவா என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அது எனக்கு வேண்டிய அழுகையாக இருந்தது. ஒரு மாதம் தினமும் அழுதாள். பிறகு அழுகை குறைந்து, பேச்சு வந்தது. ஆயாம்மாவிடம் இன்னொரு முட்டை கேட்டுச் சண்டை போட்டாள். மத்தியானத்தில் தூங்கினாள். எல்லோரிடமும் பேசினாள், என்னிடம் தவிர. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். வருவாள். சொன்னதைச் செய்வாள். பதில் மட்டும் வராது. நான் கட்டாயப்படுத்தவில்லை. அந்த உரிமையை நான் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான்.

அவளைச் சரிசெய்ய எனக்கு நேரம் கிடைத்தது. அதற்கு முன்னால் வந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வாலிபப் பையன்கள், "டீச்சர், என்னத் தெரியுதா?" என்று வந்து நிற்கிறார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்து காட்டுகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். நான் அவர்கள் கண்ணைப் பார்க்கிறேன். யாராவது என் முகத்தை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். பஸ் வருகிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு ஆற்காட்டுப் பக்கம் வேலை கிடைத்தது. வீட்டையே காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். டெம்போவில் சாமான் ஏற்றிய பிறகு அம்மாவும் பெண்ணும் பால்வாடிக்கு வந்தார்கள்.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம் டீச்சர்" என்றாள் அம்மா. பெண்ணை முன்னால் தள்ளி, "டீச்சர்கிட்ட சொல்லு" என்றாள்.

குழந்தை என் எதிரில் வந்து நின்றாள். நேராகப் பார்த்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வாசல் இறங்குவதில்லை. "அப்படிச் சொல்லக் கூடாது பாப்பா. போய்ட்டு வர்றேன்னு சொல்லு."

"நான் வரமாட்டேனே" என்றாள் குழந்தை. "ஆற்காட்ல இருப்பேனே."

"சும்மா சொல்லுடி. போய்ட்டு வர்றேன்னு."

குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

"விடும்மா. அவ சொல்றதுதான் சரி" என்றேன். 'போ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரையும் அப்படிச் சொல்லி அனுப்பிய வாய் இல்லை அது. ஆனாலும் குந்தி உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "ஆமாம் பாப்பா. நீ இனிமே இங்க வரமாட்ட. நானும் அங்க வரமாட்டேன். போ."

"சரி டீச்சர்" என்றாள்.

அவள் எனக்குச் சொன்ன ஒரே பதில் அதுதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் டெம்போவில் ஏறினாள். பால்வாடிக்குள்ளே இரண்டு வயதுக்காரன் ஒருவன் அழ ஆரம்பித்திருந்தான். நான் போய் அவனைத் தூக்கிக்கொண்டேன்.